அழகுக்கலைக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் தொழில் மனப்பான்மையை வளர்ப்பது எப்படி? பயிற்றுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அழகுக்கலை வகுப்புகளில் முதல் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். நேரத்துக்கு வர வேண்டும், சீருடை கசங்கக் கூடாது, சிரித்த முகம் வேண்டும், போன் கூடாது. மாணவர்கள் தலையாட்டுவார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால், நன்றாகத் தலையாட்டிய அதே மாணவி தரையில் விழுந்த சீப்பை எடுத்து, ஏப்ரனில் ஒரு துடை துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வாள். அவள் பொறுப்பில்லாத பெண் இல்லை. முதல் நாள் கேட்ட அறிவுரைக்கும் கையில் இருக்கும் சீப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதை நாம் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவரின் கவனம் முழுக்கத் தன் கைமேல்தான் இருக்கும். கோடு நேராக வந்ததா, மேடம் பார்க்கிறாரா, பக்கத்தில் இருப்பவள் முடித்துவிட்டாளா. அந்தக் கவனத்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்புவதுதான் பயிற்றுநரின் வேலை. அது திரும்பிவிட்டால் சுத்தம், நேரம், பேச்சு, 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் எல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். சொற்பொழிவால் இது நடப்பதில்லை. தினமும் செய்ய வைக்கும் சின்னச் சின்ன வேலைகளால் நடக்கிறது. அந்த வேலைகளை எந்த வரிசையில் கொடுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: முதலில் மாணவரை நாற்காலியில் உட்கார வையுங்கள்

கத்தரிக்கோலைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் ஒரு முழு சேவையைத் தானே பெற்றுக்கொள்ளட்டும். தலை அலசுதல், எளிய ஃபேஷியல், த்ரெட்டிங் போதும். மூத்த மாணவர்கள் செய்யட்டும். கொஞ்சம் அரைகுறையாகச் செய்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு மேடம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: தண்ணீர் தலையில் படும் முன் சூடு சரியா என்று யாராவது கேட்டார்களா? கண்ணை மூடிப் படுத்திருந்தபோது அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்ததா? முகத்தில் கை வைத்தவரின் கை ஜில்லென்று இருந்ததா? காதுக்குள் தண்ணீர் போனதா? பேசின் விளிம்பு கழுத்தில் எந்த இடத்தில் அழுத்தியது?

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நின்று பேசுங்கள். 1993ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு நரம்பியல் மருத்துவர், சலூன் பேசினில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலசிக்கொண்டபின் பக்கவாதம் போன்ற பாதிப்புக்கு ஆளான ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கழுத்து அளவுக்கு மீறிப் பின்னே வளையும்போது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி நசுங்கலாம், அதன் உட்சுவர் கிழியவும் செய்யலாம். மிக அபூர்வம்தான். ஆனாலும் இரண்டாக மடித்த டவலைக் கழுத்துக்கும் பேசினுக்கும் நடுவே வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. இதைக் கேட்ட மாணவர் டவல் வைப்பதோடு நிற்காமல், "கழுத்து வசதியா இருக்கா?" என்றும் கேட்க ஆரம்பிப்பார். கவனம் திரும்புவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

படி 2: மேசையை அடுக்குவதை ஒரு பாடமாகவே நடத்துங்கள்

விடால் சசூன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 14 வயதில், லண்டனின் கிழக்குப் பகுதியில் அடால்ஃப் கோஹென் என்பவரிடம் முடிதிருத்தப் பயிற்சிக்குச் சேர்ந்தார். விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவைப் பதுங்கிடத்தில் கழித்துவிட்டு வந்தாலும், காலையில் நகம் சுத்தமாக இருக்க வேண்டும், பேன்ட் மடிப்பு கலையக் கூடாது, ஷூ பளபளக்க வேண்டும். அது கோஹெனின் சட்டம். பின்னாளில் உலகம் முழுக்க முடிவெட்டும் முறையையே மாற்றிய ஒருவருக்கு முதல் பாடம் நகமும் ஷூவும்தான். போர்க்கால கறார்த்தனம் இன்று வேண்டாம். ஆனால் 'வேலைக்குத் தயாராக வருவது வேலையின் ஒரு பகுதி' என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே வரிசை, ஒரே இடம். சீப்புகள் இடப்பக்கம், கிளிப்புகள் கிண்ணத்தில், கத்தரிக்கோல் மூடிய நிலையில், சுத்தமான டவல் மேல் தட்டில், பயன்படுத்தியவற்றுக்கு மூடியுள்ள தனி டப்பா ட்ராலியின் கீழ்த்தட்டில். வலப்பக்கமா இடப்பக்கமா என்பது முக்கியமில்லை. கண்ணை எடுக்காமல் கை போய் எடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சீப்பைத் தேடித் திரும்புகிற ஒவ்வொரு முறையும் மாணவர் வாடிக்கையாளரை விட்டுவிடுகிறார்.

அடுத்தது கிருமி நீக்கம். இங்கே அவசரப்படாதீர்கள். பெரும்பாலான மாணவர்கள் மனதில் இது 'நீலத் தண்ணீரில் முக்கி எடுப்பது' என்ற அளவில்தான் பதிந்திருக்கும். அந்த நீலத் தண்ணீரான பார்பிசைடை 1947ல் அமெரிக்காவில் மாரிஸ் கிங் உருவாக்கினார். அன்றிலிருந்து அந்த ஜாடி சலூனின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் முடி ஒட்டிய சீப்பை அப்படியே உள்ளே போட்டால் பிரயோஜனமில்லை. முதலில் முடியை எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகே திரவத்தில் முழுக்க மூழ்க வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். பார்பிசைடு போன்றவற்றுக்கு அது 10 நிமிடம். அளவு பார்த்துக் கலக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், கலங்கிவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

இப்போது மாணவரைக் கணக்குப் போட வையுங்கள். ஒரு சீப்பு திரும்பப் பயன்பட, கழுவி ஊற வைத்து அலசி உலர்த்த, குறைந்தது கால் மணி நேரம் ஆகும். அடுத்த வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் உட்காரப் போகிறார். எத்தனை செட் சீப்பு வேண்டும்? இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவருக்குக் குறுக்கு வழியின் தேவையே இருக்காது. சுத்தத்தில் தவறு நடப்பது சோம்பலால் மட்டுமல்ல. மாற்றுச் சீப்பு கைவசம் இல்லாததாலும்தான்.

கூடவே ஒரு மூடநம்பிக்கையையும் உடைத்துவிடுங்கள். ஊதா விளக்கு எரியும் யுவி பெட்டி கருவிகளைச் சுத்தம் செய்வதில்லை. ஏற்கெனவே சுத்தம் செய்தவற்றைப் பத்திரமாக வைக்கும் அலமாரி அது. நக ஓரத் தோலைத் தள்ளும் மரக்குச்சி (ஆரஞ்சு ஸ்டிக்), நகம் தேய்க்கும் அட்டை அரம், பஞ்சு மாதிரி உறிஞ்சும் பொருட்களை எந்தத் திரவத்தாலும் மீட்க முடியாது. ஒரு ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பைக்கூடை. வாக்ஸ் ஸ்பேட்டுலாவும் அப்படித்தான்: ஒருமுறை தோலைத் தொட்டது மறுபடி வாக்ஸ் பாத்திரத்துக்குள் போகக் கூடாது.

படி 3: டம்மி தலையை ஆளாக நடத்தச் சொல்லுங்கள்

டம்மி தலை நல்ல பயிற்சிக் கருவி, மோசமான ஆசிரியர். அது வலித்தால் 'ஆ' என்று சொல்லாது. முடி அடர்த்தி எங்கும் ஒரே மாதிரி இருக்கும். நெற்றியோரத்தில் மெல்லிய பூனைமுடி கிடையாது, பிடரியில் சுழி கிடையாது. அதோடு மட்டும் பழகிய மாணவர், முதல்முறை நிஜத் தலையில் சீப்பை இழுக்கும்போது அதே வேகத்தில்தான் இழுப்பார்.

அதனால் சில விதிகள். டம்மியின் தலையைத் திருப்பும் முன் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிக்கெடுக்கும்போது வேரருகே முடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வர வேண்டும். ஆரம்பத்தில் வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். சில நாளில் சிரிப்பு நின்றுவிடும், வார்த்தை தங்கிவிடும்.

படி 4: கத்தரிப்பதற்கு முன் கேட்கும் கலை

பயிற்சியில் மிகக் குறைவான நேரம் ஒதுக்கப்படுவதும், நிஜத்தில் மிக அதிகமான சண்டைகளுக்குக் காரணமாவதும் இதுதான்.

வாடிக்கையாளர் "கொஞ்சமா ட்ரிம் பண்ணுங்க" என்கிறார். மாணவருக்குக் 'கொஞ்சம்' என்றால் நான்கு விரல். வாடிக்கையாளருக்கு ஒரு விரல். இருவருமே தங்கள் பக்கம் நியாயமாகத்தான் இருக்கிறார்கள். வெட்டியது வெட்டியதுதான், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்று விரல் அளவு அதிகமாக வெட்டிவிட்டால் அது திரும்பி வர ஏறத்தாழ அரை வருடம் ஆகும்.

இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து இந்த உரையாடலை நடிக்கச் சொல்லுங்கள்:

"எவ்வளவு எடுக்கணும் மேடம்?"
"கொஞ்சம்தான்."
"இந்த அளவு இருந்தா சரியா?" என்று சொல்லிக்கொண்டே முடியின் மேல் சீப்பைக் கிடையாகப் பிடித்துக் கண்ணாடியில் காட்ட வேண்டும்.
"அய்யோ, அவ்வளவு வேண்டாம்."
"அப்ப இது?"
"ஆங், அது போதும்."
"சரி, சீப்புக்குக் கீழே இருக்கறதை மட்டும் எடுக்கிறேன். உங்க முடி சுருள்ங்கறதால காய்ஞ்சதும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். அதனால முதல்ல இதைவிடக் கம்மியா வெட்டி, காய வெச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை எடுக்கலாமா?"

கடைசி வரியில்தான் தொழில் தெரிந்தவர் தெரிகிறார். ஈர முடி இழுத்தால் நீளும், உலர்ந்தால் சுருங்கும். சுருள்முடியில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மாணவருக்கு இது பாடத்தில் தெரியும். அதை வெட்டுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் சொல்கிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதையே வெட்டிய பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

படம் கொண்டுவருகிறவர்களிடம் "இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்கப் பழக்குங்கள். பலருக்குப் பிடித்தது வெட்டாக இருக்காது, அந்த நிறமாகவோ முன்னால் விழும் கற்றையாகவோ இருக்கும். சிலருக்குப் பிடித்தது அந்த மாடலின் முகம். அதைத் தர முடியாது என்று நேரடியாகச் சொல்லத் தேவையில்லை. "உங்க முடி அடர்த்திக்கு இந்தப் பகுதி நல்லா வரும், இது இப்படி நிக்காது, அதுக்குப் பதிலா இப்படிச் செய்யலாம்" என்றால் போதும்.

கேட்க வேண்டியவற்றை ஒரு படிவமாக அச்சடித்துக் கையில் கொடுங்கள்: கடைசியாகக் கலர் போட்டது எப்போது, மருதாணி உண்டா, ஸ்ட்ரெயிட்னிங் செய்ததுண்டா, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள், தோலில் பூசும் க்ரீம்கள். பதில்களை எழுதிக்கொள்ளும்போது மாணவர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். படிவத்தைப் பார்த்தே கேள்விகளை ஒப்பிக்கிறவருக்குப் பதில்கள் காதில் விழாது.

படி 5: மறுக்கக் கற்றுக்கொடுங்கள்

ஒரு புது மாணவருக்கு உலகிலேயே கடினமான வாக்கியம் "இன்னைக்கு இதைச் செய்ய முடியாது மேடம்." வாடிக்கையாளர் வயதில் பெரியவர், அவசரத்தில் இருக்கிறார், பணம் கொடுக்கிறவர். மாணவருக்குத் தன் மேலேயே நம்பிக்கையில்லை. அதனால் காரணம் கையில் இருக்க வேண்டும். காரணம் புரிந்தவர் மட்டும்தான் நிலையாக மறுப்பார்.

முதல் உதாரணம் ஹேர் டை. நிரந்தர டைகள் பலவற்றில் பிபிடி எனப்படும் பாரா-ஃபினிலீன்டையமின் உண்டு. இதற்கு வரும் ஒவ்வாமை தாமதமாகத் தலைகாட்டும் வகை. ஒரு நாள் இரண்டு நாள் கழித்தே சிவந்து, அரித்து, வீங்கும். அதனால்தான் பேட்ச் டெஸ்ட், அதாவது கொஞ்சம் டையைத் தோலில் பூசிப் பார்க்கும் சோதனையை, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். வைத்து அரை மணியில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று டையைக் கலக்குவது டெஸ்ட்டே இல்லை.

வாடிக்கையாளரின் வழக்கமான வாதம் இது: "போன மாசம்கூட இதேதான் போட்டேன், ஒண்ணும் ஆகல." மாணவர் இங்கேதான் கவிழ்வார். ஒவ்வாமை பிறவியிலேயே இருக்க வேண்டியதில்லை. பல வருடம் பிரச்சினையில்லாமல் பயன்படுத்தியவருக்கும் உடல் ஒரு நாள் எதிர்க்க ஆரம்பிக்கலாம். கருப்பு மருதாணி என்ற பெயரில் தற்காலிக டாட்டூ போட்டுக்கொண்டவர்களுக்கு அதில் கலந்த பிபிடியால் ஒவ்வாமை உருவாகி, பிறகு தலைக்கு டை போடும்போது வெடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. இதை மிரட்டாமல் இரண்டே வரியில் சொல்லப் பயிற்சி கொடுங்கள்: "இந்த அலர்ஜி எப்ப வேணா புதுசா வரலாம் மேடம். இன்னைக்கு டெஸ்ட் வெச்சுட்டு நாளை மறுநாளுக்கு நேரம் எழுதிடறேன்."

இன்னும் சில மறுப்புகள் காரணத்தோடு மனப்பாடமாக இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் சில கலப்பு மருதாணிகளில் உலோக உப்புகள் இருக்கும். கலரோடு கலக்கும் பெராக்சைடு அவற்றின் மேல் பட்டால் முடி சூடேறி உடைந்து போகலாம். சந்தேகமிருந்தால் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, 20 வால்யூம் (6 சதவீத) பெராக்சைடில் சில துளி அம்மோனியா கலந்து ஊற வைத்துப் பாருங்கள். சூடேறினாலோ, குமிழ் விட்டாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ அந்தத் தலைக்குக் கலர் கிடையாது. சோடியம் ஹைட்ராக்சைடு வகை ரிலாக்ஸர் (சுருளை நீட்டும் க்ரீம்) போட்ட முடியில் தயோகிளைகோலேட் வகை ஸ்ட்ரெயிட்னிங்கோ, சுருளாக்கும் பெர்மிங்கோ செய்யக் கூடாது; இரண்டும் முடியின் உள்பிணைப்புகளை வேறு வேறு வழியில் தாக்குகின்றன, நடுவில் முடி தாங்காது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாக்சிங் வேண்டாம். தோல் வாக்ஸோடு உரிந்து வந்துவிடும்.

மாணவர் சரியாக மறுத்து, வாடிக்கையாளர் கோபத்தோடு உங்களிடம் வரும் நாள் கண்டிப்பாக வரும். அன்று நீங்கள் "பரவாயில்லை, இந்த ஒரு தடவை செஞ்சு விடு" என்று சொன்னால், அதுவரை நடத்திய பாடமெல்லாம் வீண். வகுப்பு முழுவதும் அந்த நிமிடத்தைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.

படி 6: ஒவ்வொரு கலவைக்கும் 'ஏன்' எழுத வையுங்கள்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வைக்கும் கார்டில் கலவையின் அளவை மட்டும் எழுதினால் அது சமையல் குறிப்பு. அதோடு காரணமும் வேண்டும். 10, 20, 30, 40 வால்யூம் டெவலப்பர்கள் (கலரோடு கலக்கும் திரவங்கள்) முறையே 3, 6, 9, 12 சதவீதப் பெராக்சைடு. "20 வால்யூம், 6 சதவீதம். நரையை மூட வேண்டும், நிறத்தை ஒரு லெவல் மட்டும் வெளிறச் செய்தால் போதும், நுனி ஏற்கெனவே பலவீனம், அதனால் 30 வேண்டாம்" என்று எழுதுகிற மாணவர் யோசிக்கிறார். "மேடம் சொன்னாங்க" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள், அந்த மேடம் நீங்களாகவே இருந்தாலும். தேதி, பிராண்ட், நேரம், முடிவு எல்லாம் அந்த கார்டிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வேறொருவர் அந்தத் தலையைத் தொடும்போது அதுதான் உதவும்.

படி 7: திருத்தும் முறையை முதலில் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்

மாணவர் ஒரு பக்கம் நீளமாக விட்டுவிட்டார். நீங்கள் கடந்து போகிறீர்கள், கண்ணில் படுகிறது. கை தானாகவே நீளும்: "கொடு இங்க." கத்தரிக்கோலைப் பிடுங்கி, இரண்டு வெட்டு, சரியாகிவிடும். வாடிக்கையாளர் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நொடியிலிருந்து அவருக்கு அந்த மாணவர்மேல் நம்பிக்கை கிடையாது. மாணவர் கற்றது ஒன்றுதான்: தப்பு நடந்தால் மேடம் வந்து சரி செய்வார்.

இதற்கு மாற்றாக ஒரு சங்கேதம் வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு பக்கமும் ஒருதடவை சரிபார்த்துட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டால், 'ஏதோ பிசகு இருக்கிறது, நீயே கண்டுபிடி' என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் வாடிக்கையாளரை நேராக உட்கார வைத்து, இரு பக்கக் கற்றைகளையும் தாடைவரை இழுத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கட்டும். முடியவில்லை என்றால் "என் ட்ரெய்னரையும் ஒருதடவை பார்க்கச் சொல்றேன், ரெண்டு கண்ணைவிட நாலு கண்ணு நல்லது" என்று சொல்லி அழைக்கட்டும். ஆபத்தென்றால் மட்டும் உடனே தலையிடுங்கள்: ப்ளீச் எரிகிறது, வாக்ஸ் சூடு, கத்தி கோணம். அங்கே மரியாதை பார்க்கக் கூடாது.

வாடிக்கையாளர் போனபிறகு பேசும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் கையைப் பற்றிப் பேசுங்கள். "உனக்குக் கவனமே இல்லை" என்றால் மாணவர் எதைத் திருத்துவார்? "இடப்பக்கம் வெட்டும்போது நீ நின்ற இடத்தை மாற்றவில்லை, அதனால் முடியை உன் பக்கம் இழுத்துவிட்டாய், அந்தப் பக்கம் நீண்டுவிட்டது" என்றால் நாளைக்கே திருத்திவிடுவார்.

பெரிய தவறுகளுக்கும் ஒரு ஒழுங்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிறுத்து. கழுவு. பயிற்றுநரைக் கூப்பிடு. வாடிக்கையாளரிடம் நடந்ததை உள்ளபடி சொல். எழுதி வை. நிறம் தவறாக வந்துவிட்டால் பதற்றத்தில் அதன் மேலேயே இன்னொரு கலவையைப் போடுவதுதான் பல முடி உடைப்புகளுக்குக் காரணம். முதல் தவறு நிறத்தில் மட்டும்தான் இருக்கும்; இரண்டாவது முடியையே கொண்டுபோய்விடும்.

படி 8: பேச்சின் எல்லை

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். யாரோ அக்கறையாகத் தலையைத் தொடும்போது பேச்சு தானாக வரும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2017 முதல் சலூன் தொழிலாளர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றிய ஒரு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான். வேறு யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறார்கள்.

மாணவருக்கு மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும். கேட்டது அந்த அறையைத் தாண்டக் கூடாது, பக்கத்து நாற்காலிக்குக்கூட. தீர்ப்பு சொல்லக் கூடாது, "விட்டுட்டு வந்துடுங்க" என்ற ரகத் தீர்ப்பையும் சேர்த்துத்தான். உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவல் கையில் இருக்க வேண்டும்.

இதே எல்லை மருத்துவத்துக்கும் உண்டு. உச்சந்தலையில் உள்ள ஒரு மச்சத்தை அதன் சொந்தக்காரர் பார்த்திருக்கவே மாட்டார். தலை அலசுகிறவர்தான் முதலில் பார்ப்பார். "இது படர்தாமரை", "இது ஹார்மோன் பிரச்சினை" என்று பெயர் வைப்பது நம் வேலையில்லை. "இங்க ஒரு மச்சம் ஓரம் ஒழுங்கில்லாம இருக்கு, தோல் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க" என்று சொல்வது நம் வேலை. பேன் தெரிந்தால் சேவையை நிறுத்தி, தாழ்ந்த குரலில், மற்றவர் காதில் விழாமல் சொல்ல வேண்டும். அந்தத் தாழ்ந்த குரலையும் நடித்துப் பழக வைக்க வேண்டும். பதற்றத்தில் எல்லோருக்கும் குரல் ஏறும்.

படி 9: போனும் போட்டோவும்

போன் வேண்டாம் என்று தடைபோடுவது நடக்காத காரியம். இன்றைய மாணவருக்கு அதுதான் வேலைத் தொகுப்பு. அதனால் விதி மட்டும்: வாடிக்கையாளரிடம் கேட்காமல் படமில்லை, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லாமல் பதிவில்லை, முன்-பின் படங்கள் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். தோலை மழுமழுப்பாக்கிக் காட்டிய ஃபேஷியல் படத்தைப் பார்த்து வருகிறவர் அதே முகத்தைத்தான் எதிர்பார்ப்பார். அந்த ஏமாற்றத்தைச் சமாளிக்கப் போவதும் இதே மாணவர்தான்.

படி 10: தன் உடம்பையும் தொழில் கருவியாகப் பார்க்க வையுங்கள்

இதைப் பலர் கடைசி நாளில் பேசுகிறார்கள், அல்லது பேசுவதே இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் அரிப்பும் வெடிப்பும் வந்து தொழிலை விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீர், ஷாம்பு, ரசாயனம். தோலின் இயற்கை எண்ணெய்ப் பூச்சு கரைந்துபோய், பிறகு எல்லாமே உள்ளே இறங்கும். டை கலக்கும்போதும் பூசும்போதும் மட்டுமின்றி, அலசும்போதும் நைட்ரைல் கையுறை வேண்டும். பலர் அலசும்போதுதான் கழற்றிவிடுகிறார்கள். ஒருமுறை போட்டதைக் கழுவி மறுபடி போடக் கூடாது.

காற்றோட்டமும் அப்படித்தான். சில கெரட்டின் ஸ்ட்ரெயிட்னிங் திரவங்கள் சூடான அயர்ன் பட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. முடிதிருத்தும் தொழிலில் ஏற்படும் ரசாயனத் தொடர்பையே அந்த அமைப்பு 'அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. மாணவர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. லேபிளைப் படிக்கவும், ஜன்னலைத் திறக்கவும், எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார்க்கவும் ஒரு காரணம் வேண்டுமே!

நிற்கும் முறைக்குத் தனி வகுப்பு தேவையில்லை. நாற்காலியை மாணவர் உயரத்துக்கு ஏற்றி இறக்குகிறாரா, தோளை உயர்த்தி வெட்டுகிறாரா என்று போகிற போக்கில் பார்த்துச் சொன்னால் போதும்.

படி 11: நேரமும் காசும்

ஆரம்பத்தில் வேகத்தைக் கேட்காதீர்கள், கணிப்பைக் கேளுங்கள். "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிற?" என்று தொடங்கும் முன் எழுத வைத்து, முடிந்ததும் ஒப்பிடச் சொல்லுங்கள். தன் வேகத்தைச் சரியாகக் கணிக்கிற மெதுவான மாணவரை நம்பி நேரம் கொடுக்கலாம். வேகமாகச் செய்தாலும் எப்போது முடிப்பார் என்று அவருக்கே தெரியாதவரால் அன்றைய அட்டவணையே சரியும்.

காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதையும் உடையுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத் தொடங்குவதற்கு முன்னேயே சொல்ல வேண்டும். முடி எதிர்பார்த்ததைவிட நீளம், இன்னொரு டியூப் தேவை என்றால், அதைத் திறக்கும் முன் கேட்க வேண்டும். ஷாம்பு, சீரம் பரிந்துரைக்கும்போது அந்தத் தலையில் கண்ட காரணத்தைச் சொல்ல முடிந்தால் மட்டும் பரிந்துரைக்கட்டும். காரணம் சொல்ல வரவில்லை என்றால் வாயைத் திறக்க வேண்டாம்.

எப்போது வாடிக்கையாளரிடம் அனுப்பலாம்?

தேர்வு மதிப்பெண்ணைவிட நான் நம்புவது வேறு அறிகுறிகளை. யாரும் பார்க்காதபோது கீழே விழுந்த சீப்பை டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறாரா? டவலை விரித்தபின் கழுத்தைப் பற்றிக் கேட்கிறாரா? "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறாரா? தன் வேலையில் உள்ள பிசகை நீங்கள் சொல்வதற்கு முன் அவரே காட்டுகிறாரா? இதில் நான்காவது வந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் ஏற்கெனவே வந்திருக்கும்.

சிக்கல், கை அருமையாக இருந்து இவற்றில் ஒன்றுகூட வராத மாணவர்தான். எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார். வெட்டும் கலரும் பிரமாதம், படிவத்தை நிரப்ப மாட்டார், பேட்ச் டெஸ்ட்டைத் தாண்டிவிடுவார், வாடிக்கையாளர் பேசும்போது கண்ணாடியில் தன் முடியைச் சரிசெய்துகொள்வார். திறமையைப் பார்த்து அவரை முதலில் வாடிக்கையாளர்களிடம் அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். கட்டிங் வகுப்பைத் தொடரட்டும், நிஜ வாடிக்கையாளர்கள் மட்டும் கொஞ்ச காலம் வேண்டாம். அதற்குப் பதில் வேறொரு மாணவருக்கு உதவியாளராக நிற்க வையுங்கள்: டவல் கொடுப்பது, படிவம் நிரப்புவது, தண்ணீர் சூடு பார்ப்பது, போகும்போது வாசல்வரை சென்று அனுப்பிவைப்பது. கத்தரிக்கோல் கையில் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது அவருக்குப் பார்க்க வேறு எதுவும் இருக்காது, அந்த முகத்தைத் தவிர.